கறை பார்க்கும் அக்கா

எங்கள் தெருவில் யார் துணியில் எது கொட்டினாலும் நாங்கள் தண்ணீருக்கு ஓட மாட்டோம், அக்கா வீட்டுக்கு ஓடுவோம். ஓடியதும் அவர் வாங்கித் துவைத்துக் கொடுத்துவிடுவார் என்று நினைக்க வேண்டாம். வாங்குவார், சன்னல் பக்கம் போவார், துணியை வெளிச்சத்தில் பிடித்துக் கறையைப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருப்பார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவள் பாடு அதோகதிதான்.

அவருக்குப் பெயர் இருந்தது. ஊரில் யாரும் சொல்லிக் கூப்பிடாத பெயரை நான் இங்கே சொல்லி என்ன ஆகப்போகிறது? மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கன்னியர் மடத்தில் பூத்தையல் படித்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தம்பி வீட்டின் முன்னறையில் இருந்தார். போகாத கறையின் மேல் நூலால் ஏதாவது தைத்துக் கொடுப்பது அவர் தொழில். மற்ற தையற்காரிகள் கறையைப் பூவால் மூடிவிடுவார்கள். அக்கா மூட மாட்டார். கறை என்ன உருவத்தில் இருக்கிறதோ அதற்கே ஓரம் தைத்து, ஒரு கண் வைத்து, இரண்டு இறகு வைத்து எதையாவது ஆக்கிவிடுவார்.

நான் போடிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். கல்யாணப் பந்தியில் என் கூறைப்புடவையில் யாரோ ரசத்தைக் கொட்டிவிட்டார்கள். பரிமாறியவன் மேல் பழியைப் போட்டு, என் மாமியார் அவனை ஏசித் தீர்த்தார். அக்கா புடவையைச் சன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு, மேலிருந்து ஊற்றிய கறை இல்லை இது, இடது பக்கமிருந்து தட்டிவிட்ட கறை என்றார். என் இடது பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டவர் என் வீட்டுக்காரர். மனிதர் வாசலைப் பார்த்தார். அந்தக் கறை ஒரு மீனாகி இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. ஆரஞ்சு நூல் செதில்கள்கூட வெளுக்கவில்லை.

இன்னொருவர் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனதாகச் சொல்லி வேட்டியில் மசையோடு திரும்பினார். ஜீப்பில் ஒட்டியது என்றார். அக்கா பார்த்தார். ஜீப் மசை இழுத்த மாதிரி ஒட்டும், இது வட்டமாக ஒட்டியிருக்கிறது, இரும்புக் கம்பியைக் கட்டிப் பிடித்துச் சுற்றினவர் மேல்தான் இப்படி ஒட்டும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அப்போது வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினம் ஓடிக்கொண்டிருந்தது. பெண்டாட்டியை வீட்டில் விட்டுவிட்டு ராட்டினம் சுற்றிய மனிதருக்குப் பல நாள் சோறு சத்தமாகத்தான் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஆண்கள் தங்கள் துணியைத் தாங்களே துவைக்கத் தொடங்கினார்கள் என்று தெருவில் கேலி செய்வோம்.

இப்படிச் சண்டை மூட்டிவிடுகிறீர்களே என்று கேட்டால் சிரிப்பார்.

"நான் எங்க ஆத்தா மூட்டுனேன்? வந்த வழியச் சொல்லாத கறை கெடையாது. அது சொல்லுது, நான் கேக்குறேன்."

சின்னமனூரிலிருந்து மார்க்கையன்கோட்டை போகிற பக்கம் எங்கள் ஊர். ஊருக்கு நடுவில் ஒரு அரிசி ஆலை. அதற்கு மேற்கே பஜார், முதலாளி வீடு, ஜவுளிக்கடைகள். கிழக்கே மாதா கோயிலும் எங்கள் தெருவும். ஆனி பிறந்ததும் கூடலூர் மலை இடுக்கு வழியாகக் காற்று இறங்கும். வயலெல்லாம் படுத்துப் படுத்து எழும். தென்னைகள் நாள் முழுக்க ஒரே திசையில் தலைவிரித்து நிற்கும். அந்த மாதங்களில் எங்கள் தெருவில் பகலிலும் ஒரு தூக்கக் கலக்கம் இருந்தது. எல்லாக் கொடியிலும் எல்லாத் துணியும் பறக்கும். துணிகளுக்கு நடுவே கறுப்பாக, மெல்லிசாக, அவசரமே இல்லாமல் ஏதோ மிதந்து மிதந்து இறங்கும்.

அது உமிச் சாம்பல். நெல் அவிக்கிற கொதிகலனில் உமியை எரித்து, வாரிய சாம்பலை ஆலைக்குப் பின்னால் மேடாகக் குவித்திருந்தார்கள். காற்று அதைத் தூக்கிக்கொண்டு வரும். வந்த புதிதில் எனக்கு அது அழகாகக்கூட இருந்தது. மத்தியானம் வாசல்படியில் படுத்துக்கொண்டு, கண்ணை மூடுவதும் திறப்பதுமாக அது இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். என் மகள் பிறந்த பிறகு அப்படிப் பார்க்க முடியவில்லை. ஆடி வந்தால் அவளுக்கு நெஞ்சு இழுக்கும். விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே போய் உள்ளே போய் வரும். பெரியகுளம் ஆஸ்பத்திரியில் வீட்டில் விறகடுப்பா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அப்படியென்றால் அதுதான் என்று மருந்து கொடுத்தார்கள். தெருவில் இப்படி இன்னும் பல பிள்ளைகள்.

பெரியவர்கள் ஆலைக்குப் போய்ச் சொன்னார்கள். உங்கள் வீட்டு அடுப்புக் கரி உங்கள் தலையில் விழுகிறது, அதற்கு ஆலை என்ன செய்யும் என்று மேனேஜர் திருப்பி அனுப்பினார். மனு கொடுத்ததில் ஒரு அதிகாரி வந்தார். அவர் வந்தது மாசி மாதம். காற்றும் இல்லை, சாம்பலும் இல்லை. இளநீர் குடித்துவிட்டு, ஊர் குளுகுளுவென்று இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார். அதற்கு மேல் யாரும் சத்தம் போடவில்லை. தெருப் பெண்களில் பாதிப் பேர் அந்த ஆலைக் களத்தில்தான் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் கொடியில் கிடந்த என் மகளின் சட்டையை உதறப் போனேன். சன்னலிலிருந்து அக்கா உதறாதே என்று கையை ஆட்டினார். வாங்கிக்கொண்டு போய் வழக்கம்போல் பார்த்தார். எனக்கு எரிச்சல். பிள்ளை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறாள், இவர் சட்டைக்கு ஜோசியம் பார்க்கிறாரே என்று இருந்தது.

"இங்கன வந்து பாரு. அடுப்புக் கரின்னா தொட்டா ஈஷிக்கிரும். இது நெல்லுத் தோலு மாதிரியே நிக்கிது பாரு."

பார்த்தேன். ஒவ்வொரு துணுக்கும் சின்னப் படகு. நெல்லின் மேலிருக்கிற வரிகூட அழியாமல் கறுப்பாக இருந்தது. தினமும் பெருக்கித் தள்ளிய குப்பைதான், அன்றுதான் அதன் முகத்தைப் பார்த்தேன்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆடிக் கடைசியில் மாதா திருவிழா. சப்பரத்தின் மேல் விரித்துக் கட்டுகிற மேற்கட்டிக்கு வீட்டுக்கு ஒரு சாண் வெள்ளைத் துணி கொடுப்போம். அக்காதான் எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துத் தைப்பார். திருவிழா முடிந்ததும் தையலைப் பிரித்து அவரவர் துண்டைத் திருப்பிக் கொடுப்பார். வீட்டில் அடுத்துப் பிறக்கிற குழந்தைக்குத் தொட்டிலில் முதலில் விரிப்பது அந்தத் துண்டைத்தான்.

அந்த வருடம் திருவிழா முடிந்து துண்டுகளைக் கொடுக்கும்போது அக்கா ஒரு வேலை சொன்னார். எல்லோரும் ஒரே நாளில் வாசல் இறவாரத்தில் துணியைக் கட்டுங்கள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரும்போது உதறாமல் கொண்டுவாருங்கள் என்றார். பஜார் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த என் வீட்டுக்காரரிடமும் ஒரு துண்டைக் கொடுத்துக் கடைக்குப் பின்புறம் கட்டச் சொன்னார். ரசத்தில் மாட்டிக்கொண்ட மனிதர், வாங்கிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் முகப்பில் அக்கா துண்டுகளை வீட்டு வரிசைப்படி தரையில் பரப்பினார். எங்கள் தெருவே தரையில் படுத்திருந்தது. ஆலையை ஒட்டிய முனையில் களத்துக்கு வேலைக்குப் போகிற புஷ்பத்தின் துண்டு, அது வெள்ளை என்று சொன்னால்தான் தெரியும். அங்கிருந்து வெளுத்துக்கொண்டே வந்து, கடைசி வீட்டில் எள் தூவியதுபோல் முடிந்தது. ஒவ்வொருத்தியும் தன் துண்டைப் பார்த்தாள், பிறகு பக்கத்து வீட்டுக்காரியின் துண்டைப் பார்த்தாள். பஜார்த் துண்டு பளிச்சென்று இருந்தது. காற்று இந்தப் பக்கம்தானே வருகிறது, அங்கே எப்படி விழும் என்றோம். காற்று மாறட்டும், பார்ப்போம் என்று அதை மறுபடி அங்கேயே கட்டச் சொன்னார் அக்கா.

ஐப்பசியில் காற்று மாறியது. வாடை கிழக்கிலிருந்து பஜாரைப் பார்த்து வீசியது. எங்கள் பிள்ளைகளுக்கு மூச்சு திரும்பியது. பஜாரில் கட்டிய துண்டை என் வீட்டுக்காரர் அவிழ்த்துக் கொண்டுவந்தார். அப்போதும் அது வெள்ளைதான். மாதா புண்ணியத்தில் இந்த வருடம் சாம்பல் குறைந்துவிட்டது என்று என் மாமியார் மெழுகுவர்த்தி ஏற்றினார்.

அக்கா அந்த வெள்ளைத் துண்டைச் சன்னல் கம்பியில் மாட்டினார். தைக்கும்போது சுவரைப் பார்த்து உட்காருகிறவர் இப்போது அதைப் பார்த்து உட்கார்ந்தார். மார்கழி வெயிலில் அது லேசாக அசையும். கையில் ஊசி, மடியில் யாருடைய ரவிக்கையோ, கண் மட்டும் அதில். போகும்போதும் வரும்போதும் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. கறையைப் பார்த்தால் சரி, கறையே இல்லாததில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டேன்.

"ஒண்ணுமில்லாம இருக்குறதுதான் ஆத்தா உறுத்துது. காத்து அங்கன போகுது. சாம்பல் மட்டும் ஏன் போகல?"

அந்த நேரம் பார்த்துத்தான் புஷ்பம் ஒரு சேலையோடு வந்தாள். கொசுவத்தில் கிழிசல், தைக்க வேண்டும். அக்கா வாங்கியதும் கிழிசலை விட்டுவிட்டு இடுப்புப் பக்கத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அங்கே சாம்பல் நிறத்தில் கோடு கோடாகக் காய்ந்திருந்தது. சாம்பல் பறந்து ஒட்டினால் புள்ளியாக இருக்கும், இது தண்ணீரில் கரைந்து வழிந்திருக்கிறதே, ஆடியில் நீ கொண்டுவரும் சேலையில் இதைப் பார்த்ததே இல்லையே என்றார்.

"வாடை மாசத்துல சாம்ப மேட்டுக்குத் தண்ணி ஊத்துவோம்லக்கா. கொடம் கொடமாச் சொமக்கணும். பஜாரு பக்கம் பறக்கக் கூடாதுன்னு மேனேஜரு சொல்லுவாக."

"ஆடியில?"

"ஆடியில சொல்ல மாட்டாக."

சொல்லிவிட்டுப் புஷ்பம் அப்படியே நின்றாள். அவள் வாயிலிருந்து வந்ததை அவளே அப்போதுதான் கேட்டாள். எத்தனையோ வருடமாக அவளும் தெருப் பெண்களும் இடுப்பில் குடம் சுமந்து பஜாரை வெள்ளையாக வைத்திருக்கிறார்கள். சாம்பலை அடக்கத் தெரியாமல் இல்லை. எங்களுக்காக அடக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். இப்போதே போய் ஆலை வாசலில் நின்று கத்துகிறேன் என்று கிளம்பினேன்.

அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். வாயால் சொன்னால் இல்லை என்பார்கள், புஷ்பத்துக்குத்தான் வேலை போகும் என்றார். பிறகு தன் யோசனையைச் சொன்னார். ஆலை முதலாளி வேறு மதம் என்றாலும் மாதாவுக்கு ஒவ்வொரு வருடமும் விளக்குக்கு எண்ணெய் கொடுப்பவர். திருவிழா மாலையில் மேற்கட்டிக்கு அடியில் நிற்கவைத்து அவருக்கு மாலை போடுவது வழக்கம். அடுத்த ஆடியில் துண்டுகளை வாசலில் கட்டி, விழுகிற சாம்பலோடு சேர்த்துத் தெரு வரிசைப்படியே மேற்கட்டியாகத் தைத்துவிடலாம். அவர் ஒரு முறை தலையைத் தூக்கிப் பார்த்தால் போதும்.

அடுத்த ஆடி வந்தது. கட்டினோம், கறுத்தது. என் மகளுக்கு மறுபடி இழுப்பு. திருவிழாவுக்கு முதல் நாள் காலை, துண்டுகளைக் கொண்டுவந்து கொடுங்கள் என்று அக்கா ஆள் அனுப்பினார். வந்தன. ஒவ்வொன்றும் சோப்புப் போட்டு, நீலம் முக்கி, கஞ்சி போட்டு, மல்லிகைப் பூப்போல் மடித்து வந்தன. ஒருத்தி பாக்கியில்லாமல் துவைத்திருந்தாள். தொடங்கி வைத்தது என் மாமியார்.

"மாதாவுக்கு அழுக்குத் துணியவா குடுப்பாக?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

நான் கத்தினேன், பிறகு அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதேன். ஒரு வருடம் காத்திருந்ததெல்லாம் சோப்பு நுரையில் போயிற்று. அக்கா துண்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தோள் குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு அடங்கியதும் சன்னல் வழியாகக் காற்றைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். தென்னை மட்டைகள் எங்கள் தெருவைப் பார்த்து விரிந்து கிடந்தன.

"சரி விடு. மில்லே வந்து வரையட்டும்."

அன்று முழுக்க உட்கார்ந்து வெள்ளை மேற்கட்டியைத் தைத்து முடித்தார். மறுநாள் வழக்கத்துக்கு மாறாக, சப்பரத்தைக் காலையிலேயே தெரு முனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பூசை வைக்கும் சாமியாரிடம் கேட்டார். மாலை வரை கோயிலுக்குள்தானே இருக்கும் என்றார் சாமியார். மாதா ஒரு பகல் எங்கள் வாசலில் இருக்கட்டும், நாங்கள் இருப்பது எப்படி என்று அவருக்கும் தெரியட்டும் என்றார் அக்கா. சாமியாருக்கும் ஆடி வந்தால் பிரசங்கத்தின் நடுவில் இருமல் வரும். சரி என்றுவிட்டார்.

அந்தப் பகலை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கத்தில் நடந்தது போலவே இருக்கிறது. புஷ்பம் வீட்டு வாசலில் சப்பரம். மேலே மேற்கட்டி காற்றில் உப்பி, தணிந்து, மறுபடி உப்பியது. நாங்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டு சுற்றி உட்கார்ந்திருந்தோம். முதல் துணுக்கு வந்து உட்கார்ந்தது. பிறகு ஒன்று. பிறகு எண்ணுவதை விட்டுவிட்டோம். யாரும் எழுந்து தட்டவில்லை. என் மாமியார்கூடக் கையை மடக்கி வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் உதடு ஜெபத்தை மறந்துவிட்டது.

வெயில் சாய்ந்ததும் முதலாளி வந்தார், பின்னால் மேனேஜர். சலவை வேட்டி, சலவைச் சட்டை, சந்தன வாசம். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன், எங்களைப் பார்த்தால் பிள்ளைகள் நலமா என்று விசாரிப்பார். மேற்கட்டிக்கு அடியில் வந்து கைகூப்பி நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். மேற்கு வெயில் துணியை ஊடுருவி வந்தது. ஒவ்வொரு துணுக்கும் தெளிவாகத் தெரிந்தது, தலைக்கு மேல் ஒரு வயல் அறுப்பே கறுப்பாகக் கிடந்தது. அவர் தோளிலும் இரண்டு வந்து விழுந்தன. தட்டினார், சட்டையில் தேய்ந்துகொண்டது.

அக்கா சப்பரத்தின் காலருகில் உட்கார்ந்து, அவிழ்ந்த முனையைத் தைத்துக்கொண்டிருந்தார். இதென்னம்மா, கறையா என்று முதலாளி கேட்டார். கறைதான், எந்த வழியாக வந்தது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார் அக்கா. ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

புஷ்பத்தின் வாசல் என்பதால் மாலைத் தட்டு அவள் கையில் இருந்தது. தட்டை நீட்டிக்கொண்டே சொன்னாள்.

"வாடையில பஜாருக்கு ஊத்துற தண்ணிய ஆடியில எங்களுக்கும் ஊத்திக்கிறோம், மொதலாளி. சொமக்குறதும் நாங்கதான். ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

முதலாளி மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். மேனேஜர் தரையைப் பார்த்தார். மாலையை வாங்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் முதலாளி போய்விட்டார். சப்பரம் கிளம்பியது, வேட்டு வெடித்தார்கள், எங்களுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. புஷ்பத்துக்கு வேலை போயிற்று என்றே எல்லோரும் நினைத்தோம்.

மறுநாள் காலை அவள் எப்போதும்போல் தூக்குவாளியோடு ஆலைக்குப் போனாள். நாங்கள் வாசலில் நின்று அவள் திரும்பி வருகிறாளா என்று பார்த்தோம். வரவில்லை. காற்று வலுக்கிற நேரத்தில் ஆலைச் சுவருக்குப் பின்னால் குபுகுபுவென்று வெள்ளையாக ஆவி எழுந்தது. சூட்டுச் சாம்பலில் தண்ணீர் விழுந்தால் எழுகிற ஆவி. இன்னொரு குடம், இன்னொரு ஆவி. நான் என் மகளைத் தூக்கிக்கொண்டு அக்காவின் சன்னலுக்கு ஓடினேன். அவர் ஏற்கெனவே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, அவரும் அழுதார்.

சாம்பல் அடியோடு நின்றுவிடவில்லை. புகைபோக்கியிலிருந்து வருவது வந்துகொண்டுதான் இருந்தது, அதற்காக அப்புறமும் சண்டை போட வேண்டியிருந்தது. ஆனால் அந்த மிதக்கும் கறுப்புப் படகுகள் குறைந்தன. என் மகளுக்கு இழுப்பு வரும் நாட்களும் குறைந்தன.

திருவிழா முடிந்து துண்டுகள் திரும்பின. இந்த முறை யாரும் துவைக்கவில்லை. எனக்கு மட்டும் அக்கா இரண்டு துண்டு கொடுத்தார். ஒன்று எங்கள் வீட்டுடையது. இன்னொன்று பஜாரில் கட்டியது, ஒரு துணுக்கும் படாத வெள்ளை. எல்லாக் கறைக்கும் ஓரம் தைக்கிறவர் அதன் நான்கு பக்கமும் கறுப்பு நூலால் ஓரம் தைத்திருந்தார். நடுவில் கண்ணும் வைக்கவில்லை, இறகும் வைக்கவில்லை.

சில வருடங்களில் அவர் தம்பி கூடலூருக்குக் குடிபோனபோது அக்காவும் போனார். அங்கேதான் இறந்தார். நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அங்கே அவர் அறையில் சன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்று யாரிடமும் கேட்காமல் வந்துவிட்டேன்.

போன மாதம் பேத்திக்குத் தொட்டில் கட்டினோம். பெட்டியிலிருந்து அந்த வெள்ளைத் துண்டை எடுத்துக் கொடுத்தேன். என் மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணுமே இல்லையேம்மா."

அவளைச் சன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.